இரண்டு இடங்கள் நீங்கலாக

நாளிதழ் ஒன்றின் தஞ்சாவூர்ப் பதிப்பில் இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தவர்கள் எழுதியதை வெட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வெட்ட ஒன்றும் இல்லாததால், தினமும் காலையில் நான்கு நிமிடம் பேசிப் பதிவு செய்து விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், எந்த ஆற்றில் இந்த வாரம் தண்ணீர் விடும் முறை, எந்தக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கிக் கிடக்கின்றன. அவ்வளவுதான். ஒரு மைக்கும் ஒரு மடிக்கணினியும் போதும் என்று நினைத்தேன்.

பதிவு செய்யும் மென்பொருள்களைப் பற்றி நான் முதலில் கற்றுக்கொண்டது, அவற்றில் வேலை செய்பவர்களைவிட அவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பவர்களே உலகில் அதிகம் என்பது. நானும் மூன்று வாரம் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். இலவசமாகக் கிடைத்த முதல் மென்பொருள், நான் பேசி முடித்துச் சேமிக்கும் நேரத்தில் மட்டும் நின்றுபோனது. மாதச் சந்தா கேட்ட இரண்டாவது நிற்கவில்லை. ஆனால் ஹெட்போனில் என் குரல் எனக்கே கால் விநாடி தாமதமாக வந்து சேர்ந்தது. நான் ‘மேட்டூர்’ என்று சொல்லி முடித்து ‘அணையின்’ என்று தொடங்கும்போது காதில் ‘மேட்டூர்’ வரும். பின்னாலேயே ஒருத்தி நடந்து வந்து என்னைப் போலவே பேசிக் காட்டுவது போல இருந்தது. பஃபர் என்று ஓர் எண் இருக்கிறது, அதைக் குறையுங்கள் என்றார்கள். குறைத்தேன், தாமதம் போய், குரலில் கடுகு வெடித்தது. கூட்டினேன், கடுகு அடங்கி, பேசிக் காட்டுபவள் திரும்பி வந்தாள். கடைசியில் மூன்றாவதாக ஒன்றை, அதில் இன்னும் எந்தக் குறையும் தெரியவில்லை என்ற ஒரே தகுதிக்காக வாங்கினேன்.

அதோடு முடியவில்லை. பெரிய மென்பொருளுக்குள் சொருகிக்கொள்ளச் சிறு மென்பொருள்கள் உண்டு. ப்ளக்-இன் என்கிறார்கள். விற்பனைப் பக்கத்தில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய இரும்புப் பெட்டியின் படத்தோடு நின்றது. திருகாணி, கீறல், துரு வரை பொறுமையாக வரைந்திருந்தார்கள். எல்லாமே குரலுக்கு ஒரு வெதுவெதுப்பைத் தருவதாக வாக்களித்தன. சித்திரை மாதத் தஞ்சாவூரில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு வெதுவெதுப்பை விலைக்கு வாங்க எனக்கு மனம் வரவில்லை. இரைச்சலை நீக்கும் ப்ளக்-இன் ஒன்றை மட்டும் வாங்கினேன். அதன் தள்ளுபடி அன்றோடு முடிவதாகப் போட்டிருந்தது. இன்றும் அது அன்றோடுதான் முடிந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தகுதிகளோடு நான் மாடியில் இருப்பது அக்கா வீட்டுக்குத் தெரிந்தது. அக்கா வீடு கும்பகோணம் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அத்தான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்கழியில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

“நீ ரெக்கார்டிங் பண்றியாமே. நம்ம அம்மன் கோயில் கும்பாபிஷேகம் மாசியில வருது. ஒரு பாட்டு எழுதியிருக்கேன். எட்டு சரணம்.”

“எட்டா, அத்தான்?”

“ஒம்பது இருந்துச்சு. ஒன்னை நானே வெட்டிட்டேன்.”

கும்பாபிஷேகம் முடிந்து நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜை நடக்கும். அந்த நாட்களில் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் மேல் ஒரு புதுப் பாட்டுப் போடுவதென்று விழாக் குழு முடிவு செய்திருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் சென்னையில் செய்யச் சொல்லி ஒரு பாட்டு அனுப்பியிருந்தார்கள். அத்தானுடையதையும் கேட்டுவிட்டுச் சொல்வதாக விழாக் குழுத் தலைவர் சொல்லியிருந்தார். முப்பது வருடம் ஊர் அத்தானை உரம், கடன், தள்ளுபடி என்ற மூன்று சொற்களால் மட்டுமே அறிந்திருந்தது. நாற்பத்தெட்டு விடியற்காலைகளில் ஊர் தன் பாட்டுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

“தூக்கத்துல விரலை நீட்டி மடக்கிச் சீர் எண்ணுறாருடி. இது மட்டும் நடக்கலேன்னா வீட்டுல நான் இருக்க முடியாது.”

தை மாதம் இரண்டாவது வாரம் போனேன். சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. அக்கா வீட்டில் பதிவுக்குத் தோதான இடம் நெல் அடுக்கியிருந்த அறை. நான்கு பக்கமும் மூட்டைகள். கை தட்டினால் சத்தம் திரும்பி வராது. பெரிய நகரங்களில் இதற்காகப் பஞ்சுப் பலகை வாங்கி ஒட்டுகிறார்கள். ஒரே குறை, வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வந்த இயந்திரம் எட்டு சரணத்துக்காக நிற்காது. எனக்கு அது கவலையாக இல்லை. என்னிடம்தான் இரைச்சல் நீக்கி இருந்ததே.

என்னிடம் ஒரே மைக். அதற்கு எதிரில் அத்தான் நின்றார். சுருதிக்குக் கைபேசியில் ஒரு செயலி. அதை முழு ஒலியில் வைத்து, மைக்குக்குப் பக்கத்திலேயே நெல் மூட்டை மேல் நிறுத்தி வைத்தார்.

“கொஞ்சம் தள்ளி வைக்கலாம் அத்தான். ரொம்பக் கேக்குது.”

“சுருதி மாதான்னு சொல்லுவாங்க. தாயைக் கொண்டுபோயி மூலையில வைக்கலாமா?”

அக்கா மூட்டை ஓரமாகப் பின்னால் நின்றாள். அடுப்பில் பருப்பு வைத்திருந்ததால் வாசலுக்குப் பக்கத்தில் நிற்பது வசதி. அத்தான் ஒரு வரி பாட, அதை அவள் திருப்பிப் பாட வேண்டும். ஒவ்வொரு சரணமும் ‘தாயே’ என்று முடியும். அதை இருவரும் சேர்ந்து நீட்ட வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ஒரு பாட்டு வாத்தியாரிடம் கற்றவள். அத்தான் கேள்வி ஞானம். சுருதியை அவர் தன் குரலுக்கு வைத்தார். அதற்குள் அவள் தன் இடத்தைத் தேடிக்கொண்டாள்.

“ஏண்டி, நாலாவது விசில்ல நான் ஓடிடுவேன். அதுக்குள்ள எத்தனை சரணம் முடியுமோ முடிச்சுக்க.”

“பாட்டுக்கு நடுவுல பருப்பைப் பத்திப் பேசாத,” என்றார் அத்தான், கண்ணை மூடியபடி.

இரண்டு முறை பாடினார்கள். இரண்டாவதில் அத்தானுக்குக் கண் கலங்கியது. முடிந்ததும், “இதுதான். இந்த உருக்கம் மறுபடி வராது,” என்றார். நான் மாலைப் பேருந்தில் தஞ்சாவூர் திரும்பினேன்.

இரைச்சல் நீக்கி வேலை செய்யும் முறை எளிமையானது. பதிவில் யாரும் பேசாத, பாடாத சில விநாடிகளை நாம் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். அந்த விநாடிகளில் இருப்பதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு பதிவு முழுவதிலும் அதைத் தேடி அழித்துவிடும். நான் முதல் எட்டு விநாடிகளைக் காட்டினேன். அத்தான் கண் மூடி நின்று, இன்னும் வாய் திறக்காத நேரம். பொத்தானை அழுத்தினேன். அறுவடை இயந்திரம் மறைந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒரு செய்தியில் தேவையற்ற பத்தியைத் தூக்கியபோது வரும் அதே திருப்தி வந்தது. சுருதியும் நன்றாகவே தேய்ந்திருந்தது. அது முதலிலேயே அதிகம் என்பதால் நான் கவலைப்படவில்லை.

குரலுக்குப் பின்னால் கோயிலில் பாடுவது போன்ற எதிரொலி வேண்டும் என்று அத்தான் கேட்டிருந்தார். எதிரொலி தரும் ப்ளக்-இன்னில் நாற்பது இடங்களின் பட்டியல் இருந்தது. மாதாகோயில்கள், நாடக அரங்குகள், ஒரு சுரங்கப்பாதை, ஒரு குளியலறை. பிரகாரம் என்று ஏதும் இல்லை. குளிர் நாடு ஒன்றில் இருக்கும் சிறிய கல் மாதாகோயிலைத் தேர்ந்தெடுத்து எங்கள் அம்மனை அதில் வைத்தேன். அதைப் பற்றி இன்று வரை யாரும் ஆட்சேபிக்கவில்லை. கோப்பை இருவருக்கும் அனுப்பினேன்.

அத்தான் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

“பிரமாதம். என் குரல் இவ்வளவு தெளிவா எனக்கே கேட்டதில்ல. உங்க அக்காதான் கொஞ்சம் அமுங்கிட்டா. பரவாயில்ல, அவ பின்பாட்டுதானே. தலைவருக்கு அனுப்பிடவா?”

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

“நான் அமுங்கல. நான் இல்லவே இல்ல. ‘தாயே’ன்னு நான் நிக்கிற எடத்துல ‘த்’துன்னு ஒரு சத்தம் வருது, அப்புறம் வெறும் காத்து. எட்டு சரணத்துலயும். நீ என்னத்தை அழிச்ச?”

“மெஷின் சத்தத்தை.”

“மெஷினும் நானும் ஒன்னா?”

தலைவருக்கு அனுப்ப வேண்டாம், இரண்டு நாள் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கோளாறைத் தேட ஆரம்பித்தேன். மைக் வயரை மாற்றினேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பஃபர் எண்ணை ஏற்றி இறக்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் என் கைக்குப் பழகிய மருந்து அது ஒன்றுதான். எதுவும் பலிக்காமல், இந்த மென்பொருள்காரர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் என் பிரச்சினையை விவரமாக, ஐந்து பத்திகளில், யார் என்ன எப்போது எங்கே என்ற வரிசையில் எழுதினேன். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். ‘இரைச்சல் என்று நீங்கள் காட்டிய அந்த எட்டு விநாடிகளில் என்ன இருந்தது?’

திரும்பப் போய்க் கேட்டேன். எட்டு விநாடிகளில் இரண்டு இருந்தன. தூரத்தில் அறுவடை இயந்திரம். பக்கத்தில், முழு ஒலியில், சுருதி.

நம் பக்கத்தில் எந்தப் பாட்டும் பாட்டிலிருந்து தொடங்குவதில்லை. சுருதி ஓடும், கண் மூடும், தொண்டை கனைக்கும், அதன் பிறகே வாய் திறக்கும். மென்பொருளை எழுதியவர்களின் ஊரில் பாடாத நேரம் வெறும் நேரம் போலிருக்கிறது. சொன்னதை நம்பும் அந்த ப்ளக்-இன் சுருதியை இரைச்சல் என்று கற்றுக்கொண்டு, பாட்டு முழுவதும் சுருதியைத் தேடிப் போயிருக்கிறது. தள்ளி நின்று மெல்லப் பாடிய அக்கா எங்கெல்லாம் சுருதியோடு சுத்தமாகச் சேர்ந்து நின்றாளோ, அங்கெல்லாம் அவளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. எவ்வளவு சரியாக நின்றாளோ அவ்வளவு சுத்தமாக அழிந்திருந்தாள்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அத்தான் அழியவில்லை.

பழக்கதோஷத்தில் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, குரல் அழிந்த இடங்களைக் குறித்தேன். எட்டு சரணம், இடது பக்கம் அவர், வலது பக்கம் அவள். அவள் பக்கம் வரிசையாகப் பெருக்கல் குறி விழுந்தது. அவர் பக்கம் மூன்றாவது சரணத்தின் ‘தாயே’யில் ஒன்று, எட்டாவது சரணத்தின் ‘தாயே’யில் ஒன்று. இரண்டு இடங்கள் நீங்கலாக அத்தான் முழுசாக இருந்தார். யாரும் கேட்காத ஒரு தீர்ப்பு, யாரிடமும் பகை இல்லாத ஒரு நீதிபதியிடமிருந்து, என் மேசையில் கிடந்தது.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப சுருதியில நின்னவளைத்தான் அழிச்சிருக்கு.”

“ஆமா.”

“அவரு எத்தனை எடத்துல அழிஞ்சிருக்காரு?”

“ரெண்டு.”

“ரெண்டா.” சிரிப்பை அடக்குவது கேட்டது. “பரவாயில்லயே. நான் அதுவும் இருக்காதுன்னு நெனச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவருகிட்ட இந்தக் கணக்கெல்லாம் சொல்லாத. முன்ன மாதிரி சரி பண்ணிக் குடு, போதும்.”

சரி செய்வதற்கு, சுருதி இல்லாமல் இயந்திரம் மட்டும் ஓடும் சில விநாடிகள் தேவை. பதிவில் அப்படி ஒரு விநாடி கூட இல்லை. அத்தான் சுருதியை முதலில் போட்டுக் கடைசியில் நிறுத்தியவர். அந்த உருக்கம் திரும்ப வராது என்பதால் மறுபடி பாடவும் தயாரில்லை. மறுநாள் கைபேசிப் பதிவுக் கருவியோடு அக்கா ஊருக்குப் பேருந்து ஏறினேன். இயந்திரம் அங்கே முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. திருவிடைமருதூர்ப் பக்கம் போயிருக்கும் என்றார்கள். அங்கே போனால், காலையில்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனது என்றார்கள். ஓர் இரைச்சலைத் தேடி மூன்று பேருந்து மாறியவள் மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிற்பகல் மூன்று மணிக்கு வரப்பில் நின்று கையை ஆட்டினேன். ஓட்டுநர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார்.

“பேப்பர்ல போடவாங்க?”

“இல்லீங்க. சத்தம் மட்டும் வேணும். நிறுத்தாதீங்க, ஓட்டுங்க.”

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “எல்லா ஊர்லயும் சத்தம் தாங்கலேன்னு நிறுத்தச் சொல்லுவாங்க. நீங்க ஒருத்தர்தாங்க ஓட்டச் சொல்றீங்க.” ஓட்டினார். வாடகைக் கணக்கில் அந்த ஐந்து நிமிடம் சேர்ந்ததா என்று நிலத்துக்காரரிடம் நான் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தைக் காட்டியதும் ப்ளக்-இன் ஒழுங்காக வேலை செய்தது. இயந்திரம் முக்கால்வாசி போனது, சுருதி இருந்தது, அக்கா திரும்பி வந்தாள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அவள் நின்ற இடம் விளக்கு ஏற்றிய மாடம் போல இருந்தது. அத்தான் அதைக் கேட்டு, “முன்ன அனுப்புனதுல என் குரல் இன்னும் எடுப்பா இருந்துச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவருக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மூன்று வேலி, அதாவது இருபது ஏக்கர், நிலம் வைத்திருப்பவர். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இல்லாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“பாட்டு நல்லாருக்கும்மா. வரியெல்லாம் நம்ம ஊரு வரி. சிங்கப்பூர்ப் பசங்க அனுப்புனதுல அம்மன் பேரு வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம், ஒரே ட்ரம்ஸ் அடி. அது வேணாம்னுட்டோம்.”

“சந்தோஷம்ங்க. அத்தான்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லணும். அதுல ஒரு சின்ன விஷயம். உங்க அக்கா பாடுறது எதமா இருக்கு. செக்ரட்டரி குரல் இருக்கு பாருங்க…” நிறுத்தினார். “நாப்பத்தெட்டு நாள் கேக்கணும்ல.”

“என்ன செய்யணும்ங்குறீங்க?”

“உங்ககிட்டதான் சாஃப்ட்வேர் இருக்குதாமே. அவரை மட்டும் எடுத்துடுங்க.”

“நீங்களே அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லதுங்க.”

“நானா? சங்கத்துல எனக்கு எத்தனை கையெழுத்துப் போட்டுக் குடுத்த மனுசன். நன்றி மறக்கக் கூடாதும்மா. நீங்க பாத்துக்கங்க.”

பார்த்தேன். இரண்டு குரலும் ஒரே மைக்கில் ஒன்றாகப் பதிந்தவை. பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பதாகச் சொன்ன புது ப்ளக்-இன் ஒன்று, பதினைந்து நாள் இலவசம், இருவரையும் குரல் என்று கண்டுபிடித்து ஒன்றாகவே பிரித்துக் கொடுத்தது. என் பழைய இரைச்சல் நீக்கியிடம் அத்தானைக் காட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நிற்பதைத்தான் அதற்குக் கற்றுக்கொள்ள முடியும். அத்தான் அந்த இரண்டு இடங்களைத் தவிர எங்கும் நிற்கவில்லை. சரியாகப் பாடியவளை ஒரு பொத்தானில் அழித்த கருவி அவர் முன்னால் கையை விரித்தது. வேறு வழியில்லை, அக்கா தனியாகப் பாட வேண்டும். அதற்கு அத்தானிடம் சொல்ல வேண்டும்.

“தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிடு,” என்றாள் அக்கா தொலைபேசியில். “சாஃப்ட்வேர் அவரு குரலை வாங்கலேன்னு.”

தொழில்நுட்பக் கோளாறு என்ற சொல்லை நான் பதிப்பில் இருந்த காலத்தில் பல நூறு முறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் பின்னால் கோளாறு இருந்ததுண்டு. தொழில்நுட்பம் அநேகமாக இருந்ததில்லை. என்றாலும் அந்தச் சொல்லோடுதான் மறுநாள் போனேன்.

அத்தான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தணிக்கைக்கு வந்தவர்களை முப்பது வருடம் சமாளித்தவர்.

“கோளாறுன்னா எங்க? எந்த சரணத்துல? காட்டு.”

“அதெல்லாம் கம்ப்யூட்டர்ல படமா இருக்கும் அத்தான். புரியாது.”

“படமா இருந்தா நல்லதாப் போச்சு. தெற.”

திறந்தேன். அந்த மென்பொருளில் ஒலியைப் படமாகப் பார்க்கலாம்; உயரமான ஒலி மேலே, தாழ்ந்த ஒலி கீழே. சுருதி இடமிருந்து வலமாக நேர்கோடுகளாக ஓடியது. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சர்வேயர் வைத்துவிட்டுப் போன புல வரைபடத்தைப் பார்ப்பவர் போலக் குனிந்தார்.

“இந்த நீளக் கோடு?”

“சுருதி.”

“வரப்பு. சரி. அது மேலயே காலு மாறாம போறது?”

“அக்கா.”

“வரப்பை விட்டு வயல்ல எறங்கி நடக்குறது?”

அறை வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

“நானா.” திரையை விரலால் மெதுவாகத் தள்ளச் சொல்லி எட்டு சரணத்தையும் பார்த்தார். அவசரப்படவில்லை. “கண்ணை மூடிக்கிட்டு நடந்தேன். அதான் தெரியல.” இன்னும் கொஞ்ச நேரம். “மூணாவதுல வரப்பு மேல வந்திருக்கேன். எட்டாவதுலயும்.”

“ஆமாம் அத்தான். அந்த ரெண்டும் சுத்தமா நிக்குது.”

கண்ணாடியைக் கழற்றினார். “தலைவர் கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டாரு.”

“பாட்டு வேணாம்னாரா, குரல் வேணாம்னாரா?”

“பாட்டு வேணும்னாரு.”

“இதை நேரா சொல்றதுக்கு என்ன. கோளாறாம். பேப்பர்காரிங்குறது சரியாத்தான் இருக்கு.” எழுந்து கொல்லைப்புறம் போனார். பம்ப்செட் தொட்டி வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்தார். அக்கா அரிசியைப் புடைக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தார்.

“அவ பாடட்டும். வரி என்னோடது, அது போதும். ஆனா அந்த ரெண்டு எடமும் நான்தான் பாடுவேன். அதை யாரும் ஆக்கிரமிக்கக் கூடாது.”

“பட்டா வாங்கி வச்சுக்கங்க,” என்றாள் அக்கா. முறத்தில் அரிசி துள்ள ஆரம்பித்தது.

ஐந்து நாள் அவகாசம் கேட்டார். அந்த ஐந்து நாளும் அவர் இரண்டே இரண்டு ‘தாயே’யைப் பயிற்சி செய்ததாக அக்கா சொன்னாள். “கொல்லையில நின்னு தாயே தாயேங்குறாரு. பால்காரரு பயந்து போயி உள்ள வந்து எட்டிப் பாத்துட்டாரு. வீட்டுல யாருக்கோ ஒடம்பு முடியலேன்னு நெனச்சிருக்காரு.”

மறுபதிவுக்குப் போனபோது அறுவடை முடிந்துவிட்டது. பின்னால் வயலில் உளுந்து மட்டும் முளைத்து நின்றது. இரைச்சல் என்று எதுவும் இல்லை. நான் இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ப்ளக்-இன்னுக்கு அன்று வேலையும் இல்லை. சுருதியை அக்காவின் குரலுக்கு மாற்றலாம் என்றேன். வேண்டாம் என்றாள். “அவரு வச்சதே இருக்கட்டும். மாத்துனா அவருக்குப் படிஞ்சதெல்லாம் போயிடும். எனக்கு எங்கயும் நிக்க வரும்.” கைபேசியை மட்டும் அத்தான் தானாகவே எடுத்து அறையின் மூலையில் வைத்தார்.

அக்கா மைக்குக்கு எதிரில் நின்று பாடினாள். இந்தத் தடவை அடுப்பில் ஒன்றும் இல்லை. அத்தான் பின்னால் நெல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி காத்திருந்தார். மூன்றாவது சரணத்தில் வந்தார், நின்றார், போனார். எட்டாவதிலும் வந்தார். முடிந்ததும் என் பக்கம் குனிந்தார்.

“கோட்டுக்கு வந்துச்சா?”

“மூணாவது வந்துடுச்சு அத்தான். எட்டாவது வரப்புக்குப் பக்கத்துல நிக்குது. ஒரு தும்பு வித்தியாசம். வேணும்னா அதைத் தூக்கிக் கோட்டு மேல வச்சுடலாம், அதுக்கும் ப்ளக்-இன் இருக்கு.”

யோசித்தார். ஆசை இருந்தது, மறைக்கவில்லை.

“வேணாம். என்னிக்காவது எவனாவது அளந்தா தெரிஞ்சுடும்.”

அப்படியே கொடுத்தேன்.

கும்பாபிஷேகத்தன்று கூட்டத்தில் பாட்டு யாருக்கும் கேட்டிருக்காது. மறுநாள், மண்டலத்தின் முதல் விடியற்காலை, தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து அக்காவின் குரல் வயல் முழுவதும் போயிற்று. கோயில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். அத்தான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, எதையும் கேட்காதவர் போல நின்றார். அக்கா வரவில்லை, வாசல் தெளித்துக்கொண்டே கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவது சரணம் வந்தபோது அத்தானின் விரல் மட்டும் ஒருமுறை நீண்டு மடங்கியது. பிறகு எட்டாவது.

டீ டம்ளரோடு தலைவர் எங்களிடம் வந்தார்.

“செக்ரட்டரி, ரெண்டு எடத்துல ஆம்பளைக் குரல் ஒன்னு சேந்து வருதே. நீங்களா?”

“ஆமாங்க.”

“நல்லா எடுப்பா இருக்கே.” என்னை அவர் பார்க்கவே இல்லை. “இன்னும் நாலு எடத்துல பாடியிருக்கலாமே.”

அத்தான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, சங்கத்தில் கடன் வரம்பைச் சொல்லும் அதே குரலில் அவருக்குப் பதில் சொன்னார்.

“இருந்ததே ரெண்டுதாங்க.”